கோப்பையோடு ஓடிய உங்கள் மகன் விஷயமாக

கிளியர் ஃபோர்க்,
ஓக்லஹோமா.

அன்பும் மரியாதையும் மிகுந்த அத்தைக்கு, உங்கள் மருமகள் டெஸ்ஸா எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். உங்கள் பேத்தி ஒபல் நலம், கடைவாய்ப் பல் முளைப்பதால் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கடித்துப் பார்க்கிற அளவுக்கு நலம். உங்கள் மகன் தோள்பட்டை நீங்கலாக நலம். அங்கே உங்கள் முழங்காலும், மாமாவின் சர்க்கரையும், ஆர்க்கன்சாஸ் வெயிலில் புதிதாக வந்து இறங்கிய உங்கள் ஆடுகளும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். உங்கள் கடிதத்துக்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் "என் பிள்ளையைக் கஞ்சாக்காரன் ஆக்கிவிட்டாயே, இதற்காகத்தான் காலேஜ் படித்தாயா" என்ற உங்கள் வரி கண்ணில் படும், பேனாவை மூடிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போய்விடுவேன். வீட்டில் இப்போது அழுக்குப் பாத்திரமே இல்லை. அத்தை, நான் காலேஜில் படித்தது குழந்தை வளர்ச்சி. அதில் கஞ்சாவைப் பற்றி ஒரு பாடமும் கிடையாது.

முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் இதைப் படியுங்கள். கார்ஸனை வேலையை விட்டு நீக்கவில்லை, நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை நகர மன்றத்தில் விசாரணை. அவர் இனி தீயணைப்பு வண்டியில் ஏறுவாரா மாட்டாரா என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் இந்த நிமிஷம்வரை உங்கள் மகன் ஒரு துணுக்குக் கஞ்சாகூடத் தொட்டதில்லை. இதை ஒபலின் தலைமேல் கை வைத்துச் சொல்வேன், கை வைத்தால் கடிப்பாள் என்பதால் தள்ளி நின்று சொல்கிறேன். ஆகவே தேவாலயப் பெண்கள் அணியை வேனில் ஏற்றிக்கொண்டு விசாரணைக்கு வந்து பேசப்போவதாக நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எல்லாம் அந்தத் தோளில்தான் ஆரம்பித்தது. போன வசந்தத்தில் சுழல்காற்று எச்சரிக்கை வந்தபோது, ஒரு பெரியவர் தன்னுடைய சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். டிவியில் பந்தாட்டம் முடியவில்லையாம். உங்கள் மகன் அவரை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி நிலவறையில் இறக்கினார். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நாற்காலிக்கும் ஒன்றும் ஆகவில்லை, சுழல்காற்று வரவே இல்லை, கார்ஸனின் தோள் மட்டும் போய்விட்டது. வலிக்கு டாக்டர் முதலில் மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை, தீயணைப்பு நிலையத்தின் விதிப்படி உத்தமத்திலும் உத்தமம். டாக்டர் சீட்டைக் காட்டினால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அதைப் போட்டுக்கொண்ட முதல் நாள் உங்கள் மகன் ஒபலுக்குச் சட்டை மாட்டுகிறேன் என்று பூனைக்கு மாட்டிவிட்டார், பொத்தானெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார். இரண்டாம் நாள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "உள்ள யாராவது இருக்கீங்களா? பயப்படாதீங்க, தீயணைப்புத் துறை வந்திருக்கு!" என்று குரல் கொடுத்தார். நான் மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு வலியில் தூக்கமே கிடையாது. டாக்டர்தான், "இதுக்கு அந்தக் கஞ்சா மிட்டாயே தேவலைப்பா. டியூட்டி இல்லாத நாள்ல படுக்கப் போறப்ப பாதி கடிச்சுக்க, பச்சைப்புள்ள மாதிரி தூங்குவ" என்று எழுதிக் கொடுத்து, அதை வாங்குவதற்கு மாநிலத்திலிருந்து நோயாளி அட்டையும் வந்தது.

இந்த ஊரில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, அத்தை. நல்ல ரொட்டி வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். அந்த மருந்து வேண்டுமென்றால் தெருவைத் தாண்டினால் போதும். பழைய முடிதிருத்தும் கடை, பழைய வங்கி, பழைய செருப்புக் கடை எல்லாம் பச்சைச் சிலுவை போர்டு மாட்டிக்கொண்டு கஞ்சாக் கடை ஆகிவிட்டன. எங்கள் பள்ளி நூலகர் மூட்டுவலிக்குத் தின்கிறார், இறுதிச்சடங்கு நடத்துகிறவர் மனக்கவலைக்குத் தின்கிறார். தின்னக் கூடாதவர்கள் தீயணைப்புக்காரர்கள் மட்டும்தான். மாநிலம் அதை மருந்து என்கிறது, நிலையத்தின் விதியோ சிறுநீரில் தடயம் தெரிந்தாலே வீட்டுக்குப் போ என்கிறது. என்றைக்கோ தின்றது வாரக்கணக்கில் உடம்பிலேயே குடியிருக்குமாம். அதனால் கார்ஸன் அட்டையை வாங்கினாரே ஒழிய மிட்டாயை வாங்கவில்லை. அட்டை குளிர்சாதனப் பெட்டிக் கதவில், ஒபல் வரைந்த முயலுக்குப் பக்கத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. போன முறை வந்தபோது நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பார்த்ததில் தப்பில்லை. ஆனால் ஊர் வம்பையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோகிற ஓலெட்டா அம்மாவிடம் "யாரிடமும் சொல்லாதே" என்று சொன்னீர்கள் பாருங்கள், அதற்குப் பதிலாக வானொலியிலேயே வாசிக்கச் சொல்லியிருக்கலாம்.

இனி அந்தக் கோப்பை விஷயம். நான் அங்கே இல்லை; கார்ஸனோடு வண்டி ஓட்டுகிற ஹெக்டர் எங்கள் சமையலறையில் எல்லா வேடத்தையும் தானே போட்டு நடித்துக் காட்டியதைத்தான் எழுதுகிறேன். அன்று நிலையத்தில் திடீர்ப் பரிசோதனை. பெர்னடீன் என்று ஒரு அம்மா, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருப்பார், சிரித்து யாரும் பார்த்ததில்லை, அவர்தான் வந்து சிறுநீர் வாங்கிக்கொண்டு போகிறவர். கார்ஸன் பெயர் வந்தது. விதி என்னவென்றால், கோப்பையைக் கையில் வாங்கிவிட்டால் நிரப்பித் தருகிறவரை அவர் கண்ணை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் மறுத்ததாக அர்த்தம். மறுத்தால் தின்றதாக அர்த்தம். கார்ஸனுக்கோ கதவுக்கு வெளியே ஆள் நிற்கிறது என்று தெரிந்தால் ஒரு சொட்டு வராது. தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு பீப்பாய் ஆகிவிட்டதாம்.

"வருதா தம்பி?"

"வந்துரும் மேடம்."

"அப்பவும் இதையேதான் சொன்னீங்க."

ஹெக்டர் சும்மா இருக்கிற ஆளா? கதவைத் தட்டி, "மச்சான், ஊர்ல தீப்பிடிச்சா லாரி லாரியா தண்ணி அடிக்கிற, இத்துனூண்டு கோப்பைக்கு இம்புட்டு யோசனையா?" என்றிருக்கிறான். கேப்டன் ஹாரல், "டேய், அவனை விடுங்கடா, பையனுக்குக் கவனம் கலையுது" என்று சத்தம் போட்டு இன்னும் கொஞ்சம் கவனத்தைக் கலைத்திருக்கிறார். கடைசியில் ஏதோ வரும்போல இருந்ததாம், அந்த நேரம் பார்த்து அபாய மணி அடித்தது.

அந்த மணியை அடித்தது யார் தெரியுமா அத்தை? நான்தான். "போனில் கதையளக்கிற உத்தியோகம்" என்று நீங்கள் சொல்கிற என் அவசர அழைப்பு மையத்தில் அன்று எனக்கு முறை. ஒரு விவசாயி கூப்பிட்டார்.

"அம்மா, நம்ம பழைய வான்கோழிக் கொட்டகை எரியுதும்மா."

"உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா ஐயா?"

"ஆளு யாரும் இல்ல. அறுவடை மொத்தமும் உள்ளதான் காயப் போட்டிருக்கேன்."

"என்ன அறுவடை ஐயா?"

இரண்டு தடவை இருமினார். பிறகு மெதுவாக, "மருந்து" என்றார்.

"புகை எப்படி இருக்குங்க?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

நான் பொத்தானை அழுத்தினேன். என் கணவர் கையில் கோப்பையோடு நிற்பார் என்று எனக்கு எந்தக் கனவில் தெரியும்? உங்கள் மகனைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, இந்தத் தீயணைப்புக்காரர்களுக்கு மணி அடித்தால் மூளைக்குச் சேதி போகாது, நேராகக் காலுக்குப் போகும். தலையில் சோப்போடு ஓடுவார்கள், வாயில் சாப்பாட்டோடு ஓடுவார்கள், எங்கள் கல்யாணத்தில் மோதிரம் போடும்போது பக்கத்துக் கட்டடத்தில் மணி அடித்து இவர் பாதி வாசல்வரை போனதை நீங்களே பார்த்தீர்கள். அன்றைக்கும் ஓடினார், வண்டியில் ஏறினார், காலணி மாட்டினார், வண்டி ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் கையில் காலிக் கோப்பை இருப்பதைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே ஒரு பழைய நீலக் கார், ஜன்னல் வழியாகப் பெர்னடீன் அம்மாவின் தலை: "பரிசோதனை முடியல தம்பீ! இன்னும் பரிசோதனை முடியல!"

அங்கே நம் ஆட்கள் முகமூடி போட்டு, முதுகில் காற்று உருளை மாட்டி, புகை கிட்டே அண்டாமல் வேலை செய்தார்கள். பெர்னடீன் அம்மாவுக்கு ஏது முகமூடி? கார்ஸன் எங்கிருந்து பார்த்தால் தெரிவாரோ அங்கே காரை நிறுத்திக்கொண்டார். புகையும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. காரில் குளிர்சாதனம் கெட்டுப்போனதால் கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டிருந்தார். "மேடம், காத்து உங்க பக்கம் அடிக்குது, வண்டியை நகர்த்துங்க!" என்று கேப்டன் கத்தியிருக்கிறார். "நகர்ந்தா ஆளு கண்ணுலருந்து மறைஞ்சிருவாரு. விதி!" என்று பதில் வந்ததாம். கொஞ்ச நேரம் கழித்துக் கேப்டன் மறுபடி போனபோது அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கேப்டன், உங்க வண்டி எவ்வளவு சிவப்பு! இதுக்கு முன்னாடி யாராவது உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்து மாடுகள் வரிசையாக வந்து நின்று, அவையும் நகர மாட்டேன் என்றனவாம். அதில் ஒரு மாட்டைக் காட்டி, "நான் சொல்றதையெல்லாம் இவ ஒருத்திதான் காது கொடுத்துக் கேக்குறா" என்றாராம்.

இதற்கிடையில் குடித்த தண்ணீர் எல்லாம் உங்கள் மகனுக்கு ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்துவிட்டது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி, கையுறையைக் கழற்றி, அத்தனை கனமான உடுப்பை அவிழ்த்து, கோப்பையை விளிம்புவரை நிரப்பிவிட்டார். ஒரு துளி சிந்தாமல், பிறந்த குழந்தையை ஏந்தி வருகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்து, "மேடம், இந்தாங்க" என்று நீட்டினார். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, நெருப்பு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கண் கலங்கி, "எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டாந்திருக்கீங்க தம்பி! ஆனா அங்க பாருங்க, இன்னும் எரியுதே. அவங்கவங்களால முடிஞ்சதை ஊத்த வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, நடந்துபோய் அதைத் தீயில் வீசிவிட்டார்.

ஹெக்டர் சிரித்த சிரிப்பில் முகமூடிக்குள் ஆவி படிந்து வழி தெரியாமல் வேலியில் முட்டிக்கொண்டான். பெர்னடீன் அம்மாவை ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது உங்கள் மகன்தான். போகிற வழியெல்லாம் அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருடைய மதியச் சாப்பாட்டையும் தின்றுகொண்டு வந்தாராம்.

சிரிப்பதெல்லாம் அன்றோடு சரி, அத்தை. மறுநாள் தெளிந்து எழுந்த பெர்னடீன் அம்மா, தனக்கு எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டு, விதிப்படி எழுதவேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டார்: கோப்பையை வாங்கியவர் நிரப்பித் தராமல் வெளியேறினார். கேப்டனும் ஹெக்டரும் நடந்ததைச் சொன்னால், "நீங்க கூட்டாளிங்க, உங்க பேச்சு எடுபடாது" என்கிறார்கள். கார்ஸன் இன்னொரு கோப்பை கேட்டுக் கெஞ்சினார். மறுத்தவருக்கு மறு கோப்பை கிடையாதாம். இப்போது நினைத்தபோதெல்லாம் வருகிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. தின்றிருந்தால்கூட வலியாவது போயிருக்கும் என்று நான் சொன்னதற்கு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படியே உங்கள் பார்வை.

வீட்டில் அவர் படுகிற பாடும் படுத்துகிற பாடும் சொல்லி மாளாது. அறைக்கு அறை புகை எச்சரிக்கைக் கருவி மாட்டியிருக்கிறார். நான் ஒரு துண்டு பன்றி இறைச்சி வறுத்தால் வீடே அலறுகிறது. ஒபலுக்குத் தரையோடு தவழ்ந்து வெளியேறும் பயிற்சி கொடுத்து, அவள் இப்போது எங்கே போனாலும் தவழ்ந்துதான் போகிறாள், நடக்கத் தெரிந்த பிள்ளை! எதிர்வீட்டுக்காரர் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டபோது தோட்டக் குழாயோடு போய் நின்றுவிட்டார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான் வேலைக்குப் போகிற நாளில் தீயணைப்பு அழைப்புகள் கேட்கிற வானொலிப் பெட்டியைத் திருகி வைத்துக்கொண்டு, நான் மற்றவர்களை அனுப்புகிற குரலை உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அன்றிலிருந்து பொத்தானை அழுத்தும்போதெல்லாம் வீட்டில் அவர் கேட்டுக்கொண்டிருப்பதுதான் நினைவுக்கு வருகிறது. போன வாரம் ஒரு பாட்டி, பூனை மரத்தில் ஏறிவிட்டது என்று கூப்பிட்டார்; நான் விலாசம் கேட்காமல் அழுதேன், அந்த அம்மாதான், "பரவால்லம்மா, அதுவா எறங்கிக்கும்" என்று என்னைத் தேற்றினார்.

இப்போது நீங்கள் ஏன் வரக் கூடாது என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. போன கிறிஸ்துமஸ் விருந்தில் நிலையத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், "எம்புள்ள ரொம்ப சாது, ஒன்பது வயசு வரைக்கும் படுக்கையை நனைச்சுட்டிருந்தான்" என்று பெருமையாகச் சொன்னீர்கள். அதிலிருந்து அவருக்கு நிலையத்தில் பெயரே "ஈரம்". விசாரணையில் நீங்கள் எழுந்து கஞ்சா சாத்தானின் கீரை என்று பிரசங்கம் ஆரம்பித்தால், அங்கே உட்கார்ந்திருக்கிற நகர மன்ற உறுப்பினர்களில் பாதிப்பேருக்குக் கீரைத் தோட்டம் இருக்கிறது, மீதிப்பேர் வாடிக்கையாளர்கள். அவர்கள் முகம் சுளித்தால் போவது உங்கள் மகனின் வேலை. பெண்கள் அணி பாட்டுப் பாடவும் வேண்டாம். நீங்கள் அங்கிருந்தே ஜெபம் செய்யுங்கள்; தூரத்திலிருந்து செய்தாலும் கேட்கும். முக்கியமாக, வரவே வரவேண்டாம். வேனுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். ஆடுகளை விசாரித்ததாகச் சொல்லவும். ஒபல் இந்தக் கடிதத்தின் ஓரத்தைக் கடித்து உங்களுக்குத் தன் முத்தத்தை அனுப்பியிருக்கிறாள். உங்கள் ஆசியும் ஜெபமும் எங்களைக் காக்கும் என்ற நம்பிக்கையுடன்,

என்றும் பணிவுள்ள மருமகள்,
டெஸ்ஸா

பி.கு.: தபால்தலைகளை எல்லாம் ஒபல் பூனைமேல் ஒட்டிவிட்டதால் கடிதம் போகாமல் கிடந்தது, அதற்குள் விசாரணையே முடிந்துவிட்டது; நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், நல்லவேளை, உங்களுக்கு வேன் கிடைக்கவில்லை போல. நேற்று மன்றத்தில் எங்கள் பக்கம் யார் பேசியும் எடுபடவில்லை; தலைவர் தீர்ப்புச் சொல்லக் கனைத்துக்கொண்டபோது பெர்னடீன் அம்மா எழுந்து நின்றார். "எனக்கு எல்லாம் நினைவிருக்கு. வெக்கத்துல இல்லைன்னுட்டேன். அந்தப் பையன் நிரப்பித்தான் கொடுத்தான், தீயில ஊத்தினது நான். அன்னைக்குப் பரிசோதனை வெச்சிருந்தா தோத்திருக்கிறது நானும் அந்த மாடுகளும்தான்" என்றார். மன்றமே சிரித்ததில் தீர்ப்பு எழுதுகிறவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். திங்கள்கிழமை கார்ஸன் வண்டியில் ஏறுகிறார்! பிறகு தலைவர், "அட்டை இருந்தும் ஏம்பா மருந்தை வாங்கவே இல்ல?" என்று கேட்க, இவர், "வலியைப் பொறுத்துக்கலாம் சார், வேலை போனா பொறுத்துக்க முடியாது" என்றார். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. அங்கேயே சோதனை முயற்சியாக ஒரு புது விதி போட்டார்கள்: டியூட்டி இல்லாத நாளில், மருந்தாக, அளவாகத் தின்னலாம். ஆனால் மிட்டாய் பூட்டிய பெட்டியில், அவசரப் பணியில் இல்லாத ஒரு குடும்பத்துப் பெரியவரின் பொறுப்பில் இருக்க வேண்டும், அவர் கையால்தான் தர வேண்டும். நான் கை தூக்கினேன். "நீங்களும் அவசரப் பணிதாம்மா, உக்காருங்க" என்றுவிட்டார்கள். அப்போது கேப்டன் ஹாரல் எழுந்து, "அவங்கம்மா இருக்காங்களே! எங்க பான்கேக் விருந்துல பாகுப் போத்தலைக் கையில வெச்சுக்கிட்டு, எனக்கே ரெண்டாவது கரண்டி தராதவங்க. அவங்களை மீறி ஒரு மிட்டாய் வெளிய வராது" என்றார். ஒருமனதாக நிறைவேற்றிவிட்டார்கள், அத்தை. ஆகவே மேலே நான் வராதீர்கள் என்று எழுதிய இடத்திலெல்லாம் வாருங்கள் என்று படித்துக்கொண்டு உடனே புறப்பட்டு வாருங்கள், ஒரு ஆறு மாசம் தங்குகிற மாதிரி. கிளியர் ஃபோர்க் தீயணைப்பு நிலையத்தின் முதல் கஞ்சாக் காப்பாளராக உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை பதவிப் பிரமாணம். பைபிள் அவர்களே தருகிறார்களாம். பெட்டிச் சாவியை எங்கே வைத்துக்கொள்வது என்று கவலை வேண்டாம், அம்மா கழுத்துச் சிலுவைச் சங்கிலியிலேயே கோத்துக்கொள்ளலாம் என்கிறார் கார்ஸன். சொன்னது உங்கள் மகன், நான் இல்லை.